ஒளியிழை உணரிகளும் மென்படலப் பூச்சும்: மீஞ்சூர்–எண்ணூர் கரையை முன்வைத்து

ஒளியிழை வெளியுலகத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள். நடுவே 8 அல்லது 9 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உள்ளகம். அதைச் சுற்றி 125 மைக்ரோமீட்டர் வரை கண்ணாடி உறை. அதற்கும் மேலே அக்ரிலேட் பிளாஸ்டிக் காப்பு. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் உறையினுடையதைவிடச் சற்றே கூடுதல். அதனால் உள்ளே செலுத்திய ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே ஓடுகிறது. கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கிவிட்டால் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்கும் குறைவான இழப்போடு ஒளியை அனுப்பலாம் என்று 1966இல் சார்லஸ் காவோ காட்டினார். 1970இல் கார்னிங் நிறுவனம் அப்படியோர் இழையைச் செய்தே விட்டது. மழை, கடல், வெயில் எதுவும் உள்ளே ஓடும் ஒளியைத் தொடக் கூடாது என்பதே அன்றுமுதல் தொலைத்தொடர்புப் பொறியாளர்களின் குறிக்கோள்.

உணரி செய்பவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. வெளியே உள்ள நீரோ வாயுவோ உப்போ ஒளியைத் தொட வேண்டும். தொட்டதன் தடயம் இழையின் மறுமுனையில் தெரிய வேண்டும். இதற்கு இயற்பியலே ஒரு வாசல் வைத்திருக்கிறது. முழு அக எதிரொளிப்பின்போது ஒளி எல்லையில் பட்டதும் அப்படியே திரும்பிவிடுவதில்லை. எல்லையைத் தாண்டிச் சிறு தொலைவு எட்டிப் பார்த்துவிட்டே திரும்புகிறது. எட்டிப் பார்க்கும் இந்தப் பகுதி ‘மங்கும் அலை’ எனப்படும். எல்லையிலிருந்து விலக விலக அது வேகமாகத் தேய்ந்து, சில நூறு நானோமீட்டருக்குள் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். தலைமுடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான் அது. இழை வெளியுலகோடு பேச முடிகிற இடம் அந்த மெல்லிய தோல் மட்டுமே. அங்கே எது வைக்கப்படுகிறதோ அதன் வழியாகவே இழை உலகை அறியும். வெறும் கண்ணாடிக்கு அம்மோனியாவும் நீராவியும் ஒன்றுதான். ஒளியிழை உணரியில் உணர்வது பூச்சு. அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் வழிதான் இழை.

கரையின் தேவை

சென்னையின் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு வழியாக மீஞ்சூர், காட்டுப்பள்ளி வரை நீளும் கரைப்பட்டையில் அளந்து பார்க்க வேண்டியவை நிறைய. துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரத் தொழில், 2019இல் எண்ணூரில் செயல்படத் தொடங்கிய திரவ இயற்கை எரிவாயு முனையம் என ஒன்றையொட்டி ஒன்று நிற்கின்றன. மீனவர் குப்பங்களும் நெல்வயல்களும் இவற்றுக்கு நடுவில்தான் இருக்கின்றன.

மீஞ்சூரின் சிக்கல் நிலத்தடியில் இருக்கிறது. ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையின் மணற்பாங்கான நிலத்தடி நீர்த்தேக்கம் சென்னை நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீண்ட காலம் தண்ணீர் கொடுத்தது. 1960களின் இறுதியிலேயே மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளுக்குள் கடல்நீர் ஊடுருவுவது கண்டறியப்பட்டது. அதன்பின் உப்பு உள்நாட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இனித்த கிணறு கரிக்கத் தொடங்குவதை வாயில் வைத்துப் பார்த்துத்தான் பலரும் அறிந்தார்கள். வாய்க்குத் தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. அதனால் அது நன்னீருக்கு அடியில் ஆப்புபோல நுழைந்து படுத்துக்கொள்ளும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதி. அதையே திருப்பிச் சொன்னால், இறைப்பதால் மேலே 1 மீட்டர் குறையும்போது, காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் மேலேறி வரும். மேல்மட்டத்தில் வாளி விட்டு எடுத்த தண்ணீரைச் சோதித்தால் இந்த ஏற்றம் தெரியாது. ஆழம் ஆழமாக, ஒரே நேரத்தில், பல இடங்களில் அளக்க வேண்டும்.

எண்ணூரின் சிக்கல் காற்றில். 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது எந்தக் கருவியும் அல்ல, மூக்கைத் துளைத்த நெடியும் கண்ணெரிச்சலும்தான். மூச்சுத் திணறலோடு பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே மாதத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிக்கொண்டது. ஊர் எல்லையில் ஒரு கருவி முன்கூட்டியே குரல் கொடுத்திருக்க வேண்டிய இடங்கள் இவை.

மின்னணு உணரிகள் இங்கே இல்லாமல் இல்லை. ஆனால் உப்புக் காற்று அவற்றின் இணைப்புகளை அரித்துவிடுகிறது. எரிவாயுக் குழாய்க்கு அருகே மின்சாரம் கொண்டுசெல்வதற்கே தனிக் காப்பு வேண்டும். கண்ணாடி இழை துருப்பிடிக்காது, தீப்பொறி விடாது, மின்காந்தக் குறுக்கீட்டுக்கு உட்படாது. ஒளிமூலமும் அளவுகருவியும் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டிடத்துக்குள் இருந்துகொள்ளலாம். ஆனால் அந்த வசதிகள் எல்லாம் இழையின் முனையில் உள்ள சில நூறு நானோமீட்டர் பூச்சு நின்றால்தான் பயன்படும்.

இழையைத் திறப்பது

மங்கும் அலை வெளியே வர, உறை வழிவிட வேண்டும். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன இழையில் இது எளிது. சில சென்டிமீட்டர் நீளத்துக்கு அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால் உறை கரைந்து வந்துவிடும். சிலிக்கா இழையில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும், அது ஆபத்தானது. ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துத் தட்டையாக்குவது, சுடரில் காட்டி இழுத்து நடுப்பகுதியை மெலியவைப்பது, U வடிவில் வளைப்பது ஆகியவை வேறு வழிகள். வளைவில் ஒளி வெளிப்புறச் சுவரை நோக்கித் தள்ளப்படுவதால் மங்கும் அலையின் பங்கு கூடுகிறது.

உறையை நீக்காமலேயே வேலை வாங்கும் வழி கீற்றணி. 1978இல் கனடாவில் கென் ஹில்லும் அவருடைய குழுவினரும் இழையின் உள்ளகத்தில் ஒளியைக் கொண்டே ஒளிவிலகல் எண்ணின் ஏற்றஇறக்கங்களைப் பதித்தார்கள். அரை மைக்ரோமீட்டருக்கு ஒரு கோடு என்ற கணக்கில் அமைந்த இந்தப் பிராக் கீற்றணி ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழையை இழுத்தால் கோடுகளின் இடைவெளி கூடி, திரும்பும் அலைநீளம் நகரும். 1996இல் பெல் ஆய்வகத்தில் அசிஷ் வெங்சர்க்கார் குழு அறிமுகப்படுத்திய நெடும்இடைவெளிக் கீற்றணியில் கோடுகள் நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும். அது உள்ளக ஒளியில் ஒரு பகுதியை உறைக்குள் மாற்றிவிடும். உறைக்குள் ஓடும் ஒளி வெளிச்சூழலை உணரும். முதல் வகையில் பூச்சின் வேலை கண்ணாடியை இழுப்பது. இரண்டாவதில் ஒளியின் பாதையை மாற்றுவது. பூச்சுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் செய்யும் பரிசோதனைகளில் நல்ல பொருளும் வீணாகிவிடும்.

பூசும் வழிகள்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் முதலில் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். பிறகு அடுப்பில் சூடேற்றி நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெண்புகை எழும்பி நெடி அடிக்கும். அது பரப்பிலுள்ள ஆக்சைடைத் தின்றுவிட்ட பிறகுதான் ஈயம் ஒட்டும். ஒரு விரல்ரேகைப் பிசுக்கு மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் ஈயம் பிடிக்காது. ஒளியிழைக்கும் இதே நியாயம்தான். காப்பு நீக்கிய கண்ணாடியை அசிட்டோன், ஆல்கஹால், வலுவான ஆக்சிஜனேற்றக் கரைசல் ஆகியவற்றால் கழுவி, பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்து நிற்கும்படி செய்ய வேண்டும். அதன் மேல் சிலேன் மூலக்கூறுகள் பிணைந்தால், பின்னால் வரும் துகள்கள் பற்றிக்கொள்ளக் கைகள் கிடைக்கும். உரித்த கண்ணாடி ஈரத்தில் நுண்விரிசல் கண்டு எளிதில் ஒடியும். எனவே கழுவியதும் காலம் தாழ்த்தாமல் பூச வேண்டும்.

மிக எளிமையானதும் மிகுந்த பொறுமை கேட்பதும் முக்கியெடுத்தல். டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் அல்லது துத்தநாக அசிட்டேட் போன்ற மூலப்பொருளை ஆல்கஹாலில் கரைத்துச் சிறிது நீர் சேர்த்தால், மூலக்கூறுகள் தமக்குள் பிணைந்து மெல்ல இறுகும். இது சோல்-ஜெல் முறை. இறுகும் முன் இழையைச் செங்குத்தாக இறக்கி, மோட்டார் கொண்டு நிதானமாக மேலே இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் படலம் தடிக்கும், மெதுவாக இழுத்தால் மெலியும். தட்டையான கண்ணாடித் தகட்டில் இவ்வளவுதான். இழையில் இன்னொரு தொல்லை உண்டு. பரப்பு இழுவிசை காரணமாகக் கம்பி போன்ற பொருளின் மேல் திரவம் சீராக நிற்காது. மார்கழி விடியலில் சிலந்திவலை நூலில் பனி முத்து முத்தாகக் கோத்து நிற்குமே, அதேபோல் கரைசலும் உருண்டை உருண்டையாகத் திரளும். உருப்பெருக்கியில் பார்த்தால் இழை ஜெபமாலைபோல் தெரியும். ஒவ்வோர் உருண்டையிலும் ஒளி சிதறும், அளவீடு பாழாகும். இதற்கு மாற்று, நீர்த்த கரைசலில் மெல்லிய படலமாகப் பூசி, உலர்த்தி, சுட்டு, மறுபடி பூசுவது. ஐந்தாறு முறை பூசினால்தான் வேண்டிய தடிமன் வரும்.

வெற்றிடக் கலத்தில் ஆர்கான் அயனிகளால் உலோகத் தகட்டை மோதி, தெறிக்கும் அணுக்களை இழையில் படியவைப்பது ஸ்பட்டரிங். உலோகத்தைச் சூடேற்றி ஆவியாக்கிப் படியவைப்பதும் உண்டு. இரண்டிலும் படலம் தூய்மையானது, தடிமன் கட்டுக்குள் இருக்கும். ஆனால் ஆவியாகி வரும் அணுக்கள் நேர்கோட்டில் வருபவை. உருளை வடிவான இழையின் உச்சியில் 50 நானோமீட்டர் படிந்தால் பக்கவாட்டில் மெலிந்துகொண்டே போய் அடியில் ஒன்றுமே இருக்காது. இழையைச் சுழற்றிக்கொண்டே பூச வேண்டும்.

இந்த இடத்தில் அணு அடுக்குப் படிவு முறைக்கு மதிப்பு அதிகம். 1970களில் பின்லாந்தில் டூமோ சுண்டோலா உருவாக்கியது இது. இரண்டு வாயுக்களை மாற்றி மாற்றி உள்ளே விட, ஒவ்வொரு சுற்றிலும் பரப்பில் இடமிருக்கும் அளவு மட்டும் ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் படியாது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர். நூறு நானோமீட்டருக்கு ஆயிரம் சுற்று. மெதுவானது, செலவு பிடிப்பது. ஆனால் இழையைச் சுற்றிலும் எந்தப் பக்கமும் ஒரே தடிமன். எதிரெதிர் மின்சுமையுள்ள பாலிமர்களைப் பரப்பில் மாற்றி மாற்றி ஒட்டவைக்கும் அடுக்கு-மேல்-அடுக்கு முறையும் இதே கணக்குத்தான். 1990களின் தொடக்கத்தில் கெரோ டெக்கர் நடைமுறைக்குக் கொண்டுவந்த அம்முறைக்கு வெற்றிடமும் வேண்டாம், உலையும் வேண்டாம். சில கண்ணாடிக் குவளைகளும் காய்ச்சி வடித்த நீரும் போதும். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களின் வசதிக்கு ஏற்றது இதுவே. இன்னும் பரவலாகக் கைக்கொள்ளத் தகுந்தது.

அம்மோனியாவை அறியும் துத்தநாக ஆக்சைடு

எண்ணூருக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு திருச்சியில் நடந்தது. தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியல் துறையில் பி. ரெங்கநாதன், டி. சாஸ்திகுமார் குழுவினர் உறை நீக்கிய பிளாஸ்டிக் இழையில் நானோபடிகத் துத்தநாக ஆக்சைடைப் பூசி அம்மோனியாவை அளந்த முடிவுகளை 2011இல் வெளியிட்டார்கள். சீரியம், லித்தியம், அலுமினியம் ஆகியவற்றைக் கலந்த துத்தநாக ஆக்சைடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

துத்தநாக ஆக்சைடின் பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டும்போது உள்ளிருந்து எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அம்மோனியா ஒடுக்கும் வாயு. அது வந்து ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் பிடிபட்ட எலக்ட்ரான்கள் ஆக்சைடுக்குள் திரும்பிவிடும். எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறினால் பூச்சின் ஒளி உறிஞ்சலும் ஒளிவிலகல் எண்ணும் மாறும். இழையின் மறுமுனையில் வரும் ஒளிச்செறிவு கூடவோ குறையவோ செய்யும். துகள் சிறுக்கச் சிறுக்க, ஒரே எடைக்குப் பரப்பு பெருகும். 20 நானோமீட்டர் துகளில் கணிசமான அணுக்கள் பரப்பிலேயே இருப்பதால் வாயு தொடாத உள்பகுதி குறைவு. நானோ என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் உள்ள உண்மையான பொருள் இதுதான்.

இதே ஆக்சைடைக் கொண்டு செய்யும் மின்தடை உணரி வேலை செய்ய 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். எரிவாயுவுக்குப் பக்கத்தில் சூடான கம்பியை வைப்பது யாருக்கும் விருப்பமான காரியமல்ல. ஒளி வழியே படிக்கும்போது அறை வெப்பநிலையே போதுமானதாக இருந்தது. திருச்சி முடிவுகளில் இந்தக் கரைக்கு முதன்மையானது இதுதான். இன்னொரு நுட்பமும் கவனிக்கத் தக்கது. பிளாஸ்டிக் இழை 100 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். ஆக்சைடு படிகமாக அதைவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும். எனவே நானோபடிகங்களைத் தனியே சுட்டுத் தயாரித்துக்கொண்டு, பிறகு இழைக்குப் பூசுவது வசதி. இழைக்குத் தீங்கில்லாமல் உலையின் பயனைப் பெறும் வழி அது.

அம்மோனியாவை வேலைநாள் முழுவதும் சுவாசிக்கப் பத்து லட்சத்தில் 25 பங்கு, அதாவது 25 பி.பி.எம். வரம்பு என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை, 300 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வீச்சில் தெளிவாக எண்ணைச் சொல்வதே ஊர் எல்லையில் நிற்கும் உணரியின் கடமை.

பாலிஅனிலின் என்ற கடத்தும் பாலிமர் இன்னொரு பொருத்தமான பூச்சு. அமிலம் ஏற்றிய நிலையில் பச்சையாக இருக்கும் அது, அம்மோனியா பட்டதும் புரோட்டானை இழந்து நீலமாகும். நிறமே மாறுவதால் அலைநீளத்தைப் பார்த்தாலே போதும். ஆனால் ஒருமுறை நீலமானது முழுமையாகப் பச்சைக்குத் திரும்புவதில்லை. சில முறைகளுக்குப் பிறகு பூச்சு சோர்ந்துவிடும்.

கசிவு நடந்த கடலடிக் குழாய்க்கே வேறு வழிதான் பொருத்தம் என்பதையும் சொல்ல வேண்டும். திரவ அம்மோனியா −33 டிகிரியில் வருவது. அது கசிந்தால் சுற்றிலும் சட்டென்று குளிரும். எந்தப் பூச்சும் இல்லாத சாதாரண இழையைக் குழாயோடு கட்டிவைத்து, அதில் திரும்பும் இராமன் சிதறலைப் படித்தால் எந்த மீட்டரில் குளிர்ந்தது என்று தெரிந்துவிடும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. இராமன் 1928இல் கண்ட விளைவு அது. குழாய்க்கு அந்த இழை, குப்பத்தின் எல்லையில் பூச்சிட்ட இழை என இரண்டும் சேர்ந்தால்தான் காவல் முழுமை பெறும்.

தங்கம், பல்லேடியம்

தங்க நானோதுகள் கலந்த நீர் பொன்னிறமாக இருக்காது, ஒயின் சிவப்பாக இருக்கும். துகளின் எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து ஆடும் அதிர்வு 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்கிவிடுவதே காரணம். 2009இல் மும்பை ஐ.ஐ.டி.யில் வி. வி. ஆர். சாய், டி. குண்டு, சௌம்யோ முகர்ஜி ஆகியோர் U வடிவில் வளைத்த இழைமுனையில் இந்தத் துகள்களைப் படியவைத்து உயிரி உணரி செய்தார்கள். அமினோசிலேன் பூசிய வளைவைத் தங்கக் கரைசலில் தோய்த்துவைத்தால், சில நிமிடங்களில் முனை மட்டும் ரோஜா நிறம் கொள்ளும். அந்த நிறம் எவ்வளவு ஆழமானது என்பதை ஒளிமானியில் பார்த்துக்கொண்டே, வேண்டிய அளவு வந்ததும் வெளியே எடுத்துவிடலாம். துகளைச் சுற்றி மூலக்கூறுகள் ஒட்டினால் உறிஞ்சல் மாறும். பச்சை எல்.இ.டி. ஒன்றும் ஒளிஉணர் டையோடு ஒன்றும் இருந்தால் அளந்துவிடலாம், விலையுயர்ந்த நிறமாலைமானி தேவையில்லை. பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் சாயின் ஆய்வகம் இந்தப் பாதையைத் தொடர்ந்தது. 2020இல் வேலூர் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து கொரோனாத் தொற்றைக் கண்டறிய இதே வடிவை முன்வைத்தார்கள். தொடர்ச்சியான தங்க அல்லது வெள்ளிப் படலத்தில் எலக்ட்ரான்களின் இதுபோன்ற கூட்டு அதிர்வை, அதாவது பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வைப் பயன்படுத்தும் வழியில் டெல்லி ஐ.ஐ.டி.யின் பி. டி. குப்தா பல்லாண்டு உழைத்திருக்கிறார்.

ஹைட்ரஜனுக்குப் பல்லேடியம். 1984இல் எம். ஏ. பட்லர் செய்து காட்டிய இந்த உணரியில், உலோகம் ஹைட்ரஜனைக் கடற்பஞ்சுபோல் உள்ளிழுத்து உப்பி, இழையை இழுக்கிறது. உப்பிச் சுருங்கிப் பலமுறை ஆனதும் தூய பல்லேடியப் படலம் வெடித்து உரியும். வெள்ளியோ நிக்கலோ கலந்தால் தாங்கும். கந்தகம் நீக்க ஹைட்ரஜன் புழங்கும் மணலிச் சுத்திகரிப்புப் பகுதிக்கு இது உரியது.

உப்பை அறியும் பூச்சு

மீஞ்சூர்க் கிணற்றின் கணக்கு எளிது போலத் தோன்றி ஏமாற்றும். நன்னீரின் ஒளிவிலகல் எண் 1.333, லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்கு 1.339. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் நான்காம் பதின்ம இடத்தில் இரண்டு என்ற அளவுதான் மாற்றம். நெடும்இடைவெளிக் கீற்றணி தன் உறையின் எண்ணான 1.45ஐ ஒட்டிய திரவங்களில் கூர்மையாக உணரும்; நீரின் அருகே மந்தம். இந்த மந்தத்தைப் போக்குவது பூச்சு. டைட்டானியம் ஆக்சைடு போன்ற உயர் எண்ணுள்ள பொருளைக் குறிப்பிட்ட தடிமனுக்குப் பூசினால், உறையில் ஓடும் ஒளியில் ஒரு பகுதி பூச்சுக்குள் இடம்பெயரத் தொடங்கும். அந்த இடம்பெயர்வு நடக்கும் தடிமனில் உணர்திறன் பல மடங்கு எகிறும். சில நானோமீட்டர் குறைந்தாலும் கூடினாலும் அந்தப் பலன் கிடைக்காது. சுற்றெண்ணிப் பூசும் முறைகள் தேவைப்படுவது இங்கேதான்.

மற்றது பிராக் கீற்றணியில் பாலிஇமைடு அல்லது நீர்க்கூழ்ம பாலிமர் பூசும் வழி. நன்னீரில் பாலிமர் நீரை உறிஞ்சி உப்பும். உப்புநீரில் சவ்வூடு அழுத்தத்தால் நீரை வெளியே விட்டுச் சுருங்கும். அந்த இழுப்பும் தளர்வும் கண்ணாடிக்குப் போய் அலைநீளத்தை நகர்த்தும். உணர்திறன் குறைவு என்றாலும், ஒரே இழையில் பத்துக் கீற்றணிகளைப் பத்து அலைநீளங்களில் பதித்து, 5 மீட்டருக்கு ஒன்றாகத் தொங்கவிடலாம். எந்த ஆழத்தில் உப்பு ஏறுகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். மின்கடத்துதிறன் மானியைக் கயிற்றில் கட்டி இறக்குவது இதைவிட மலிவு. மாதம் ஒருமுறை அளந்தால் போதும் என்ற கிணற்றுக்கு அதுவே சரி. ஆண்டு முழுவதும் மணிக்கு மணி ஆழவாரியாகப் பார்க்க வேண்டிய கண்காணிப்புத் துளைக்கிணற்றுக்குத்தான் இழை.

இதில் வெப்பநிலை ஒரு பெரிய இடறல். 1550 நானோமீட்டரை ஒட்டிய கீற்றணியில் ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அலைநீளம் ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் நகரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு நகர்வது 1.2 பிக்கோமீட்டர்தான். ஒரு டிகிரி மாற்றத்தைக் கவனிக்காவிட்டால், பாலிமர் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு இழுத்ததுபோலப் பொய்க் கணக்கு வரும். ஒவ்வொரு கீற்றணிக்கும் பக்கத்தில் பூச்சில்லாத இன்னொன்றை வைத்து, அதன் நகர்வைக் கழித்துவிடுவது வழக்கம்.

உப்புக் காற்றில் பூச்சின் ஆயுள்

ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த நைட்ரஜனோடு அம்மோனியாவைக் கலந்து விட்டால் எந்த நல்ல பூச்சும் அழகான கோடு வரைந்து காட்டும். எண்ணூர்க் காற்றில் மழைக்காலத்து ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். துத்தநாக ஆக்சைடுக்கு நீராவியும் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள்தான்; உணரிப் பூச்சாகப் பயன்படும் இன்னொரு பொருளான கிராஃபீன் ஆக்சைடு ஈரத்தை அதைவிட ஆசையாகப் பிடித்துக்கொள்ளும். அம்மோனியா நீரில் நன்றாகக் கரைவதால், ஈரப் படலத்தில் தங்கிவிட்டு வாயு போன பின்னும் இருப்பதாகக் காட்டும். மேலே அனல்மின் நிலையச் சாம்பல் தூசு படியும். கழிமுக நீருக்குள் இறக்கிய முனையில் சில நாட்களில் பாசிச் சளி, சில வாரங்களில் கொட்டலசு. கண்ணாடியை ஒன்றும் செய்யாத இவை, மங்கும் அலையின் சில நூறு நானோமீட்டரை முழுமையாக மூடிவிடுகின்றன.

வெளியாகும் ஆய்வுகள் பெரும்பாலும் உணர்திறனைத்தான் பெருமையாகச் சொல்கின்றன. இந்தக் கரைக்கு முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு காலம் நிற்கும், எதோடு எதைக் குழப்பிக்கொள்ளும் என்பதுதான். நீரை விலக்கி வாயுவை விடும் ஃபுளூரோபாலிமர்ச் சவ்வை மேலே போர்த்துவது, ஈரத்தை மட்டும் உணரும் இரண்டாவது இழையை ஒப்பீட்டுக்கு வைப்பது, வெவ்வேறு பூச்சுகளிட்ட மூன்று நான்கு இழைகளின் பதில்களைச் சேர்த்துப் படிப்பது ஆகியவை கைகொடுக்கின்றன. திரவ இயற்கை எரிவாயு முனையத்தின் மீத்தேனுக்கோ பூச்சே வேண்டாம். 1.65 மைக்ரோமீட்டர் ஒளியை மீத்தேன் தானே விழுங்குவதால், சிறு கலம் ஒன்றில் வாயுவினூடே ஒளியை நேராகச் செலுத்துவது அதிகம் நம்பத் தகுந்தது.

மீஞ்சூர்ப் பகுதிக் கிணற்றில் இறக்குவதற்கான கீற்றணித் தொடரை அளவுதிருத்தம் செய்ய, லிட்டருக்கு 0, 5, 10, 20, 35 கிராம் உப்புள்ள கரைசல்களில் ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் தோய்க்க வேண்டும். பாலிமர் உப்பச் சுருங்க நேரம் எடுப்பதால் ஒவ்வொன்றிலும் அளவு நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இதை 25, 30, 35 டிகிரி வெப்பநிலைகளில் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு அதே கிணற்றின் தண்ணீரில், அதன் இரும்பும் சுண்ணாம்பும் பாசியும் சேர, ஒரு மாதம் ஊறவைத்து முதலிலிருந்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு வரைகோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் இழையைக் கிணற்றில் இறக்கலாம். விலகினால் பூச்சைக் கரைத்து எடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும்.